பட்டம் பெறும் செவிலியருக்குக் கைவர வேண்டிய திறன்கள்: இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வெளிவரும் ஒருவருக்கு முதல் பணியிடமாக அமைவது ஒரு தாலுகா மருத்துவமனையாக இருக்கலாம். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையமாக இருக்கலாம். நகரத்துத் தனியார் மருத்துவமனையின் நெரிசலான பொது வார்டாகவும் இருக்கலாம். போதனா மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகோல். இரவுப் பணியில் முப்பது, நாற்பது கட்டில்களை ஒருவரே பார்த்துக்கொள்ளும் வார்டுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. உலகில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவாக இருப்பதாகவும், அந்தக் குறையில் 89 சதவீதம் வருமானம் குறைந்த நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும் இருப்பதாகவும் 2020ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை கூறியது. அந்தக் குறையின் நடுவில்தான் நீங்கள் பணியில் சேரப் போகிறீர்கள்.

ஆகவே, எந்தத் திறனை முதலில் வளர்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு நம் சூழலைப் பார்த்தே விடை காண வேண்டும். கட்டிலுக்கு ஒரு மானிட்டரும் வார்டுக்கு ஒரு மருத்துவரும் இல்லாத இடத்தில், நோயாளியின் நிலை மாறுவதை முதலில் காணக்கூடியவர் செவிலியர் மட்டுமே. கண்ட மாற்றத்தை எண்ணாக்கி, உரியவரிடம் உரிய நேரத்தில் அவர் கொண்டு சேர்த்தால் உயிர் பிழைக்கிறது. இந்த வழிகாட்டியில் வரும் திறன்கள் அனைத்தும் இந்த ஒரு வேலையைச் சுற்றியே அமைந்தவை. இங்கே குறிப்பிடப்படும் மருந்தளவுகள் பொதுவான நெறிமுறைகளில் உள்ளவை. பணியிடத்தில் அங்குள்ள நெறிமுறையையும் மருத்துவரின் எழுத்து மூலமான உத்தரவையும் பின்பற்றுங்கள்.

எண்ணிப் பார்த்து எழுதுதல்

எந்தப் பொது வார்டிலும் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். பல நோயாளிகளுக்கு மூச்சு எண்ணிக்கை 20 என்றே பதிவாகியிருக்கும். நிமோனியா முற்றியவருக்கும் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்பவருக்கும் ஒரே 20. எண்ணாமல் எழுதப்படும் எண் இது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கெடுவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சின் வேகம் கூடிவிடுவது வழக்கம். நம் வார்டுகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் அளவீடும் இதுதான். எனவே முதல் பயிற்சியாக, நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் இருந்துகொண்டு, அவருக்குத் தெரியாமல் மார்பின் ஏற்ற இறக்கத்தை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கு நான்கு மாறிவிடும். குழந்தைகளிடம் இது இன்னும் முக்கியம். 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எல்லையை மூச்சு எட்டினால் அது வேக மூச்சு. இருமலுடன் வந்த குழந்தைக்கு நிமோனியா இருக்கலாம் என்பதற்கு இந்த ஓர் எண்ணிக்கையே போதுமான அறிகுறியாகும்.

இத்தகைய எளிய அளவீடுகளால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் காசநோய் கண்டறியப்படும் ஒவ்வொருவருக்கும் உயரத்துடன் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்போரைப் பிரித்தெடுத்து உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். எடை இயந்திரம், அளவு நாடா, கடிகாரம், பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவற்றுக்கு மேல் வேறு கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

டெங்கு காலத்தில் இதே கவனம் வேறு வடிவத்தில் தேவைப்படும். காய்ச்சல் விட்டதும் குடும்பத்தார் நிம்மதி அடைவார்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆபத்தான கட்டம் தொடங்குவதோ பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான். ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழ் சுருங்குவது, கை கால் சில்லிடுவது, விரல் நுனியை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப இரண்டு நொடிக்கு மேலாவது, வயிற்று வலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது ஆகியவற்றை மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 100/84 என்ற அளவைப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்து போகும் செவிலியர், அதிர்ச்சி நிலைக்குள் நுழைந்துகொண்டிருக்கும் ஒரு குழந்தையைத் தாண்டிப் போகிறார்.

மருந்துக் கணக்கு

இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாத வார்டில் டிரிப்ஸின் வேகத்தைக் கணக்கிட வேண்டியவர் நீங்கள். சாதாரண டிரிப் செட்டின் உறையில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 20 என்றிருக்கும். 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு வரும். 15 நொடிக்குப் பத்து அல்லது பதினொரு சொட்டு விழுகிறதா என்று பார்த்தால் போதும். குழந்தைகளுக்கான மைக்ரோ டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு என்பதால், மணிக்கு எத்தனை மி.லி. என்ற எண்ணும் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்ற எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இந்தக் கணக்கை மனத்திலேயே போடப் பழகுங்கள். நோயாளி கையை மடக்கினாலும், கட்டிலை உயர்த்தினாலும் வேகம் மாறும் என்பதால், பாட்டிலின் பக்கவாட்டில் பிளாஸ்டர் ஒட்டி, எந்த மணிக்கு எந்த அளவுக்குத் திரவம் இறங்கியிருக்க வேண்டும் என்று கோடு போட்டு வைப்பது பழைய வழக்கமானாலும் மிக நல்ல வழக்கம்.

இன்சுலின் விஷயத்தில் நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று இருப்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே ஒரு மி.லி.யில் 40 யூனிட் கொண்ட இன்சுலின் குப்பிகள் பரவலாகப் புழங்குகின்றன; 100 யூனிட் கொண்டவையும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சுகள் உண்டு. 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் அரை மி.லி. வந்துவிடும், அதாவது நோயாளிக்குப் போவது 50 யூனிட். அந்த அளவில் விடியற்காலையில் அவர் சுயநினைவு இழக்கக்கூடும். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அவருக்குக் கிடைப்பது 8 யூனிட் மட்டும்; சர்க்கரை ஏன் குறையவில்லை என்று அடுத்த நாள் ரவுண்ட்ஸில் குழம்புவார்கள். குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டே ஊசியை ஏற்றுங்கள். வீட்டுக்குப் போகும் நோயாளியிடமும் அவர் கடையில் வாங்கும் சிரிஞ்சையே கொண்டு வரச் சொல்லி, அதிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைப் பற்றி ஒரே ஒரு விதி போதும்: அதை எந்த நிலையிலும் நேராக நரம்பில் செலுத்தக் கூடாது, திரவத்தில் கலந்து, நன்றாகக் குலுக்கி, மெதுவாகவே ஏற்ற வேண்டும். தோற்றத்தில் அது வேறு பல ஆம்பியூல்களை ஒத்திருப்பதால், அவசர டிரேயில் மற்றவற்றோடு சேர்க்காமல் தனி இடத்தில் வைப்பதை உங்கள் வார்டில் வழக்கமாக்குங்கள்.

ஆக்சிஜன் கணக்கைக் கல்லூரியில் அழுத்தமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் எண்ணம். 2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகும் அப்படி இருப்பது வருத்தத்துக்குரியது. நிரம்பிய ‘டி’ வகை சிலிண்டரில் ஏறக்குறைய 7000 லிட்டரும், சிறிய ‘பி’ வகையில் ஏறக்குறைய 1500 லிட்டரும் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் நோயாளிக்கு ‘பி’ வகை சிலிண்டர் இரண்டரை மணி நேரம் வரும்; அழுத்தமானி பாதியைக் காட்டினால் ஒன்றேகால் மணி நேரம்தான். அவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன், பயண நேரத்தையும் அங்கே அனுமதிக்கக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி சிலிண்டர் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

பிரசவ அறை

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் முறைவைத்துப் பணிபுரிந்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டின் பேறுகாலச் சேவைக்கு அடித்தளமாக இருக்கிறது. அங்கே இரவு இரண்டு மணிக்கு உதிரப்போக்கு தொடங்கினால், முதல் பத்து நிமிடங்களுக்குரிய முடிவுகள் செவிலியருடையவை.

குழந்தை பிறந்து, வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்ததும், ஒரு நிமிடத்துக்குள், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் மருந்தை 10 யூனிட் தசையில் போட வேண்டும். அந்த ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்ததா என்பதைக் கவனியுங்கள். மே மாதத்து வெயிலில் டிரேயிலேயே கிடந்த ஆம்பியூல் வீரியம் இழந்திருக்கக்கூடும். அடுத்தது, ரத்த இழப்பை அளப்பது. கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே இருக்கும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு இழப்பை அளந்து, எல்லை தாண்டியதும் கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்சிடோசின் வகை மருந்து, ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை ஆகிய அனைத்தையும் ஒருங்கே செய்தபோது, கடும் உதிரப்போக்கும் அதன் விளைவான அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. நம்மைப் போன்ற நாடுகளில் நடந்த ஆய்வு என்பதாலேயே இதை மனத்தில் பதித்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த விரிப்பு இல்லாத இடத்தில் துணிகளையும் பேடுகளையும் எடை போடுங்கள். உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மி.லி. ரத்தம். நாடித்துடிப்பின் எண் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை எட்டிவிட்டால், தாய் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் 108ஐ அழைத்துவிடுங்கள்.

வலிப்புடன் வரும் கர்ப்பிணிக்கு, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன் மெக்னீசியம் சல்பேட் 10 கிராமை, ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராமாக, ஆழமாகத் தசையில் போடும்படி நெறிமுறை கூறுகிறது. இதைக் கையால் செய்து பார்த்தால்தான் சிரமம் புரியும். 50 சதவீதக் கரைசல் கொண்ட 2 மி.லி. ஆம்பியூலில் இருப்பது ஒரு கிராம். ஆகவே பத்து ஆம்பியூல்களை உடைத்து, இரண்டு சிரிஞ்சுகளில் 10 மி.லி. வீதம் ஏற்றி, நீண்ட ஊசி மாட்டித் தயாராக வேண்டும். ஒருபுறம் அந்தப் பெண் கட்டிலிலிருந்து விழாமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்கப்பட்டிருக்க வேண்டும். உறவினர்களின் கூக்குரலும் கேட்டுக்கொண்டிருக்கும். பத்து ஆம்பியூல்களும் சிரிஞ்சுகளும் ஊசிகளும் ஒரே டிரேயில் ஒன்றாக இருக்கின்றனவா என்று டியூட்டிக்கு வந்ததும் பார்த்துவிடும் பழக்கம், அந்த நேரத்தில் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர் அளவு கொடுக்கும் இடங்களில், ஒவ்வொரு முறையும் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் வருகிறதா என்று பார்த்த பின்பே ஊசி. மெக்னீசியத்துக்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அருகில் இல்லாமல் இந்த மருந்தைத் தொடங்காதீர்கள்.

பிறந்தும் அழாத குழந்தையிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்றுப்பையால் மூச்சு கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். துடைத்து, கதகதப்பாக வைத்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, முகமூடி இறுக்கமாகப் பொருந்தியபின் நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அழுத்துங்கள். பொம்மையில் பயிற்சி செய்யும்போது மார்பு எழுகிறதா என்பதையே பாருங்கள். எழவில்லையென்றால் அழுத்தியதெல்லாம் வீண். இந்தப் பயிற்சியைக் கல்லூரி ஒருமுறை காட்டியதோடு நிறுத்திக்கொண்டால், நீங்களே கேட்டு வாங்கி மீண்டும் மீண்டும் செய்யுங்கள்.

பாம்புக் கடியும் பூச்சிமருந்தும்

நம் கிராமப்புற மருத்துவமனைகளில் அறுவடைக் காலத்திலும் மழைக் காலத்திலும் வரும் அவசரம் இது. பாம்புக் கடியில் ரத்தம் உறையும் தன்மை கெட்டிருக்கிறதா என்று அறிய, ஆய்வகமே இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. 2 மி.லி. ரத்தத்தை நரம்பிலிருந்து எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, நேரத்தைக் குறித்து, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. சோதனையைக் கெடுப்பவை சிறு பிழைகளே. பிளாஸ்டிக் குழாயில் உறைதல் சரியாகத் தூண்டப்படாது. சோப்புத் தூளால் கழுவிய குழாயும் உறைவதைத் தடுக்கும். பத்தாவது நிமிடத்தில் ஆவலில் ஒருமுறை ஆட்டிப் பார்த்தால் மொத்தச் சோதனையும் பயனற்றது. எனவே கண்ணாடிக் குழாய்கள் சிலவற்றை இதற்கென்றே தனியாக எடுத்து வையுங்கள்.

கட்டுவிரியன் கடி வேறு விதமானது. தரையில் படுத்துறங்கியவர் நள்ளிரவில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். கடிவாயும் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியும் முன் கண் இமை தாழத் தொடங்கும். பிறகு விழுங்கச் சிரமம். பிறகு மூச்சுத் தசைகள் தளரும். இப்படி ஒருவர் வந்தால், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று அரைமணிக்கொருமுறை எண்ணச் சொல்லிக் குறித்து வையுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே போவது மூச்சுக்குழாய் வைக்க வேண்டிய நேரம் நெருங்குவதைக் காட்டும். விஷமுறிவு மருந்தை ஏற்றும் முன், ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் எடுத்துத் தயாராக இருக்க வேண்டும்; தூளாக வரும் குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, 1978இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. அவர்களின் உழைப்பால் கைக்கு வரும் மருந்தில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

பூச்சிமருந்து குடித்துவிட்டு வருபவருக்கு முறிவு மருந்தான அட்ரோபின் கொடுக்கும்போது, நுரையீரலின் இரைச்சல் நின்றதா, வியர்வை அடங்கி அக்குள் உலர்ந்ததா, நாடி 80க்கு மேல் வந்ததா, கண்பாவை விரிந்ததா என்று தொடர்ந்து பார்த்துப் பதிய வேண்டும். இதே அளவு முக்கியமான இன்னொரு திறன், அவரிடம் பேசும் குரல். ‘எதுக்கு இப்படிப் பண்ணே?’ என்று வார்டே கேட்கும்படி அதட்டுவது இன்றும் நடக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. மூக்கில் டியூபுடன் கிடப்பவரை நாம் கேவலப்படுத்தினால், டிஸ்சார்ஜ் ஆன பின் அவர் உதவி கேட்டு எந்த மருத்துவமனைக்கும் வரமாட்டார். கட்டிலருகே அமர்ந்து, தாழ்ந்த குரலில், மீண்டும் அந்த எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் குடும்பத்தாரிடமும் எழுதிக் கொடுங்கள்.

பேசுதல், கேட்டல்

நள்ளிரவில் டியூட்டி டாக்டரை அழைத்து ‘பேஷண்ட் கொஞ்சம் சரியில்ல சார், வந்து பாருங்க’ என்றால், ‘பார்த்துக்கிட்டே இருங்க சிஸ்டர்’ என்ற பதில் வருவதில் வியப்பில்லை. அதே அழைப்பை இப்படிச் செய்து பாருங்கள்: ‘சார், ஆறாம் கட்டில், நேற்று சிசேரியன் ஆன அம்மா. ஒரு மணிக்கு பல்ஸ் 96, பிபி 110/70. இப்போ பல்ஸ் 128, பிபி 90/60. ரெண்டு மணி நேரமா யூரின் 20 எம்.எல்.தான் வந்திருக்கு. வயிறு இறுகியிருக்கு. உள்ளே ரத்தக்கசிவு இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க உடனே வரணும்; அதுவரைக்கும் இன்னொரு லைன் போட்டு, கிராஸ் மேட்ச்சுக்கு ரத்தம் அனுப்பட்டுமா?’ யார், என்ன மாறியது, எந்த எண்கள், உங்கள் கணிப்பு என்ன, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற வரிசை இதில் இருக்கிறது. அழைக்கும் முன் அரை நிமிடம் ஒரு துண்டுத் தாளில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் வந்த உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் வராவிட்டால் அடுத்து யாரை அழைப்பது என்பதை டியூட்டி ஏற்கும்போதே தெரிந்து வைத்திருங்கள். மேலே உள்ளவரை எழுப்பத் தயங்கும் மரியாதைப் பழக்கம் நம் மருத்துவமனைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தத் தயக்கத்தை மாணவப் பருவத்திலேயே விட்டுவிடுங்கள்.

நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்வதும் கற்க வேண்டிய திறனே. ‘வாய்வுப் பிடிப்பு, ஒரு இஞ்சி மரப்பா சாப்பிட்டேன், சரியாகல’ என்று ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தால், வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துவிட வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்பும் மூச்சு வாங்குதலுமாக மாரடைப்பு வரலாம். ‘மயக்கமா வருது’ என்பவர் தலை சுற்றலைச் சொல்கிறாரா, கண் இருட்டி விழுந்ததைச் சொல்கிறாரா, பசிச் சோர்வைச் சொல்கிறாரா என்று கேட்டுப் பிரித்தறிய வேண்டும். திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழில் பகுதிகளில் பணிபுரியப் போகிறவர்கள் வலி எங்கே, எப்போது தொடங்கியது, மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்கும் அளவுக்காவது இந்தி கற்றுக்கொள்வது மிகவும் உதவும்.

மருந்து கொடுத்து அனுப்பும்போது ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘அம்மா, வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையை எப்போ போடுவீங்கன்னு எனக்கு ஒருமுறை சொல்லுங்க’ என்று கேளுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள்.

18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்க வேண்டிய கடமை இருக்கிறது. அந்தக் கடமையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கவோ, அவள் விவரத்தை வார்டில் பரப்பவோ கூடாது. மருத்துவ அதிகாரியிடம் உடனே தெரிவித்துவிட்டு, அவளைத் தனியிடத்தில் வைத்துப் பேசுங்கள்.

பதிவு

செய்த பின் எழுதுங்கள்; செய்யும் முன் எழுதாதீர்கள். நேரத்தை 24 மணி முறையில் குறியுங்கள். பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். ‘டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதாமல், யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதையும் சேருங்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி மென்பொருளில் ஒரு விவரம் தவறினாலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் சிக்கலாகி, அந்தத் தாய் கைக்குழந்தையுடன் அலைய நேரிடும்.

தன்னைக் காத்தல்

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாதீர்கள். கூர்மையானவை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு, டிரிப் செட்டும் கையுறையும் சிவப்புப் பைக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, கண்ணாடி ஆம்பியூல் நீலப் பெட்டிக்கு என்பது 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதி. ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, இரண்டு மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்து தொடங்க முயலுங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மருந்து 28 நாள். இதைப் பயந்து மறைக்கும் புதியவர்கள் அதிகம் என்பதால், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் படிக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மீதமுள்ள மாதங்களில்

2021-22 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் கடைசி அரையாண்டு இன்டர்ன்ஷிப்பாக இருக்கிறது. அதை எண்ணிக்கை நிரப்பும் காலமாகக் கழித்துவிடாதீர்கள். நன்றாகப் பணிபுரியும் மூத்த செவிலியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் இரவுப் பணியில் இருக்கும் நாட்களில் உங்களுக்கும் பணி போடச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாதவற்றை அவர் வார்டைச் சுற்றி வரும் விதத்திலேயே கற்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது கிராம சுகாதார செவிலியருடனோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளருடனோ வீடுகளுக்குப் போய் வாருங்கள். வார்டில் ‘மாத்திரை சாப்பிடுவதில்லை’ என்று நாம் குறை சொல்லும் பாட்டியின் வீட்டில் மாத்திரை தகரப்பெட்டிக்குள் வெயிலில் இருப்பதையும், அவர் விடியற்காலையில் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுவதையும் அங்கேதான் பார்ப்பீர்கள்.

தேர்ச்சி பெற்றதும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாமல் பணி செய்யக் கூடாது. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகளைக் கவனித்து வாருங்கள். வெளிநாடு செல்ல விரும்புவோர், தனியார் முகவரிடம் பணம் கட்டும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கு சென்றாலும், செய்முறைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது ஒரு நிபந்தனையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்: யாருடைய உதவியுமின்றி ஆசிரியர் முன் செய்து காட்டாத எதற்கும் கையெழுத்து கேட்காதீர்கள், இன்னும் கைவராதவற்றைத் தனித் தாளில் எழுதி, இன்டர்ன்ஷிப் முடியும் முன் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.